பதில்: தாத்தாவின் பெட்டியில் இருந்த நாடக நோட்டீஸ்

வணக்கம். உங்கள் தாத்தாவின் பெட்டியில் கிடைத்த நாடக நோட்டீஸில், பாடி நடித்துப் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்க, 'வள்ளி திருமணம்' என்ற நாடகப் பெயர் சிறிதாகவும், நாடகக் கம்பெனிப் பெயரோ ஆண்டோ இல்லாமலும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நோட்டீஸ் கிழிந்துபோனதால் கம்பெனிப் பெயர் விடுபட்டிருக்கும் என்ற உங்கள் ஊகம் சரியாக இருக்க வேண்டியதில்லை. அது ஸ்பெஷல் நாடகமாக இருக்கலாம். அதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் கதைப்போக்கும் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடமாக இருந்ததால், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்டவர்கள் ஒத்திகையே இல்லாமல் விடியவிடிய நடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கதை ஊரறிந்தது, ஆகவே டிக்கெட்டுகளை விற்க வைத்தது யார் பாடுகிறார் என்பதுதான். (இன்றைய சுவரொட்டிகளும் அப்படித்தானே!)

காலத்தைக் கணிப்பது எளிது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொழும்பில் இணைந்து நடிக்கத் தொடங்கியது 1926-இல். கிட்டப்பா 27 வயதில் மறைந்தது 1933 டிசம்பரில். நோட்டீஸில் தேதியுடன் கிழமையும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த எட்டு ஆண்டுகளின் நாட்காட்டிகளோடு ஒப்பிட்டால் ஓரிரண்டு ஆண்டுகளே பொருந்தும். தயவுசெய்து அந்தத் தாளைப் பசைநாடா ஒட்டிச் சீர்படுத்த வேண்டாம்.