ஆச்சியின் பெயரைப் பேத்திக்கு இடலாமா?

கேள்வி: எங்கள் மகள் பிறந்து 35 நாள்கள் ஆகின்றன. என் கணவரின் அப்பாவைப் பெற்ற ஆச்சி உலகம்மாள் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பெயரையே குழந்தைக்கு இட வேண்டும் என்று என் மாமியார் விரும்புகிறார். எனக்கு அந்தப் பெயர்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் நாங்கள் பெங்களூரில் இருப்பதால், பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று அஞ்சுகிறேன். பதிவேட்டில் புதுப்பெயர் ஒன்றை எழுதிவிட்டு, உலகம்மாள் என்பதை வீட்டுப் பெயராக வைத்துக்கொண்டால் போதாதா?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: போதாது என்றே நினைக்கிறேன். நம் பக்கத்து வழக்கம் இதற்கு நேர்மாறானது. மாமியாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்றிருந்த காலத்தில், ஆச்சியின் பெயரைத் தாங்கிய பேத்தியை ராசாத்தி என்றோ பாப்பா என்றோ கூப்பிட்டார்கள். முன்னோரின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் பத்திரத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் நின்றது. கூப்பிடும் வசதிக்கு வீட்டுப் பெயர், வம்சத்திற்குப் பதிவுப் பெயர் என்பதே அந்த ஏற்பாடு. நீங்கள் சொல்கிறபடி மாற்றி வைத்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள் இருக்கும்வரைதான் அது இருக்கும். அவர்களுக்குப் பின் அப்படி ஒரு பெயர் இருந்ததற்கு அடையாளமே இராது. என் அம்மையைப் பெற்ற ஆச்சியின் பெயர் எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் போயிற்று. அவர் கைநாட்டு வைத்த ஒரு நிலப் பத்திரத்தில் மட்டுமே அது இன்று இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மாமியாரின் விருப்பத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். வாழ்ந்த காலமெல்லாம் 'அத்தை' என்றே அழைத்த ஒருவரின் பெயரை, அவர் மறைந்த பின் பேத்திக்கு இட வேண்டும் என்று ஒரு மருமகள் கேட்பது எளிதில் நடக்கிற காரியம் அன்று. அந்த இரண்டு பெண்களுக்கும் இடையே என்ன இருந்தது என்று அவரையே கேளுங்கள். பெயரோடு சேர்த்து உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும்.

பெயரும் சாதாரணமானது அன்று. பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற பாபநாசத்தில், பாபநாசநாதருக்குத் துணையாக நிற்கும் அம்மையின் பெயர் உலகம்மை. பெண்கள் அங்கே சந்நிதி முன்னுள்ள உரலில் விரலி மஞ்சளை இட்டு இடித்து அம்மையின் அபிஷேகத்திற்குக் கொடுப்பார்கள். விக்கிரமசிங்கபுரத்து நமச்சிவாயக் கவிராயர் தமிழால் பாடிப் பரவியதும் இந்த அம்மையைத்தான். தென்காசியிலும் அம்மன் பெயர் உலகம்மன். நெல்லைக்குக் காந்திமதி, சங்கரன்கோவிலுக்குக் கோமதி, குற்றாலத்திற்குக் குழல்வாய்மொழி என்று திருநெல்வேலிச் சீமையில் பெண்ணின் பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு அம்பாசமுத்திரத்தை இதைவிட நெருக்கமாக எப்படிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேலியைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அதைத் தாங்க வேண்டியவர் நீங்கள். ஆயினும் தன் பெயர் யாருடையது, எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தது என்று ஐந்து வயதிலேயே சொல்லத் தெரிந்த குழந்தை, கேலியை எதிர்கொள்ளும் விதமே வேறாக இருக்கும். 'அம்மாள்' என்ற ஈறு முதிர்ந்த தோற்றம் தருகிறது என்று தோன்றினால், கோயிலில் வழங்குகிறபடி 'உலகம்மை' என்றே பதிவு செய்யுங்கள். கூப்பிடுவதற்கு 'உலகு' என்ற இரண்டரை மாத்திரைச் சொல் இருக்கிறது. அதைவிடச் சிறிய, அழகிய அழைப்பு எந்தப் புதுப்பெயரிலும் கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: பெற்ற தாயாகிய நீங்கள் மனக்கசப்போடு இதற்கு இசையாதீர்கள். நாளைக்கு நூறு முறை அந்தப் பெயரைச் சொல்லப்போவது உங்கள் வாய்தான்.

கேள்வி: என் தாயாரின் தாயார் பெயர் பிச்சம்மாள். மகளுக்கு அதை இட ஆசைப்பட்டேன். பிச்சை என்று பொருள்படுவதால் ஆகாது என்று உறவினர் தடுக்கிறார்கள்.
வாசகர், வள்ளியூர்

பதில்: முன் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளை தெய்வத்திடம் பிச்சையாகப் பெற்றது என்று சொல்லி இட்ட பெயர் அது. மூக்கைக் குத்தி மூக்கம்மாள் என்றும், குப்பையில் இட்டு எடுத்துக் குப்பம்மாள் என்றும் பெயர் வைத்ததும் அதே தவிப்பினால்தான். இந்தப் பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்று உங்கள் பூட்டி ஒருவர் வேண்டிக்கொண்டதன் தடம் அந்தப் பெயர். அதில் இழிவு எதையும் நான் காணவில்லை, தாராளமாக இடுங்கள்.

இதையே 'போதும்பொண்ணு' போன்ற பெயருக்குச் சொல்ல மாட்டேன். பெண் பிறந்தது போதும் என்று சலித்து இட்ட பெயரை அந்த ஆச்சியே எவ்வளவு வேதனையோடு சுமந்திருப்பார்! அவரை நினைவில் வைக்க, அவர் பிறந்த ஊரின் அம்மன் பெயரையோ அவர் விரும்பிக் கும்பிட்ட தெய்வத்தின் பெயரையோ இடுவது நல்லது.

கேள்வி: பேத்திக்குக் குழல்வாய்மொழி என்று பெயரிட எண்ணுகிறோம். வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. பதிவுக்குக் காலம் கடந்துவிடுமா?
வாசகி, தென்காசி

பதில்: அவசரம் வேண்டாம். 21 நாள்களுக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான். பெயர் இல்லாமலும் அதைப் பதியலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னும் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்க இடமுண்டு. ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை மாற்றுவது கடினம் என்பதால், பேசி முடித்த பிறகே அலுவலகத்திற்குச் செல்லுங்கள். இந்தப் பெயரில் 'ழ' இரண்டு முறை வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இசட், எச் என இரண்டு எழுத்துகளை இடுவதா, எல் என்ற ஒன்றோடு நிறுத்துவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துகள் ஆதாரிலும் பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் வர வேண்டும்.