ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் யார்? அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஹெஷல் ஒரு யூத இறையியலாளர். 1951இல் வெளிவந்த அவருடைய ‘சபாத்’ என்ற சின்னப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். வெள்ளி மாலை சூரியன் சாயும்முன் விளக்கேற்றி, சனிக்கிழமை இருட்டும்வரை வேலையை நிறுத்திவைக்கும் யூத ஓய்வுநாளைப் பற்றியது அது. யூத வேதத்தின் படைப்புக் கதையில் முதன்முதலில் புனிதமாக்கப்படுவது மலையோ பலிபீடமோ அல்ல, ஏழாம் நாள். ஹெஷல் பிடித்துக்கொள்வது இதைத்தான். சபாத் அவருக்குக் காலத்தில் கட்டிய அரண்மனை. கோயில் இடிந்தாலும், ஊரைவிட்டே துரத்தினாலும், வெள்ளிக்கிழமை வராமல் இருக்காது இல்லையா?

துரத்தப்படுவது அவருக்குத் தெரிந்த விஷயம். 1907இல் வார்சாவில், ஹசிடியம் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்த ரப்பிகளின், அதாவது மதகுருக்களின், வம்சத்தில் பிறந்தவர். பெர்லினில் யூத வேதத்தின் தீர்க்கதரிசிகளைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1938 அக்டோபரில் நாஜிகள் அவரைப் போலந்துக்கு நாடுகடத்தினார்கள். போர் மூள்வதற்குச் சில வாரங்கள் முன்பு லண்டனுக்குத் தப்பினார், 1940இல் அமெரிக்கா. தாயையும் மூன்று சகோதரிகளையும் அந்தப் போர் கொண்டுபோயிற்று. அப்புறம் 1945 முதல் 1972இல் இறக்கும்வரை நியூயார்க்கில் ஒரு யூத இறையியல் கல்லூரியில் பேராசிரியர்.

அறைக்குள் முடங்கிய ஆன்மிகம் இல்லை இது. 1965 மார்ச்சில் அமெரிக்காவின் செல்மா நகரில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்த பேரணியின் புகைப்படத்தைப் பாருங்கள். முன்வரிசையில் மார்ட்டின் லூதர் கிங்கோடு, வெள்ளைத் தாடியும் கழுத்தில் மாலையுமாக நடப்பவர் இவர்தான். கால்கள் பிரார்த்தித்ததுபோல் இருந்தது என்றார் பிறகு.

அவருடைய எழுத்துநடை கவிதை மாதிரி இருக்கும். சில வரிகளை இரண்டுமுறை படிக்க வேண்டிவரும். எனக்கு அது தொந்தரவாகப் படவில்லை.