பாதியில் நின்ற ஐந்து

அன்புள்ள ஐயா,

கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. பகலில் புறக்கோட்டைப் புடவைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவில் இணையத்தில் இலவசக் கற்கைநெறிகள். ஐந்தில் சேர்ந்து ஒன்றையும் முடிக்கவில்லை. “சும்மா கிடைத்தும் படிக்கத் தெரியாதவன்” என்கிறார் அண்ணன். இவற்றால் உண்மையில் பயன் உண்டா?

அன்புள்ள தம்பி,

அண்ணனின் சொல்லை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் மின்சுற்றுகள் பற்றி இணையத்தில் ஒரு திறந்த கற்கைநெறி நடத்தியது. பதிந்தவர்கள் ஏறத்தாழ 155,000 பேர். சித்தியடைந்தவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம்.

அதில் முழுப் புள்ளியும் எடுத்தவர்களில் மொங்கோலியாவின் 15 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். உலகமே அவனைக் கொண்டாடியது. ஆனால் அவனுடைய பள்ளி அதிபர் எம்.ஐ.டி.யில் படித்தவர். அவன் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து அதைப் படித்தான்; செய்முறை சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் கருவிகளோடு வந்திருந்தார். இந்தப் பாதிக் கதையைப் பலரும் சொல்வதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருந்தாள். விரிவுரையாளர் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்றதும் நிறுத்துவாள், பின்னால் ஓட்டுவாள், மறுபடி கேட்பாள். நாலாவது தடவை நான் தாளில் ‘நியம விலகல்’ என்று எழுதிக் காட்டினேன். “இதுவா மாமா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். தமிழில் எத்தனையோ தடவை அவள் செய்த கணக்கு அது. அன்றிலிருந்து கொப்பியின் பின்பக்கத்தில் இரு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதத் தொடங்கினாள். கற்கைநெறியை முடித்தும்விட்டாள்.

இலங்கையின் கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் இலவசக் கல்வி கொண்டுவந்தபோது கட்டணத்தை நீக்கியதோடு நிற்கவில்லை. நகரங்களுக்கு வெளியே மத்திய கல்லூரிகளும் விடுதிகளும் எழுந்தன. கட்டிடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், பக்கத்து வாங்கில் ஒரு நண்பன் இருந்தான். இணையக் கல்வி உங்களுக்குத் தந்திருப்பது விரிவுரையை மட்டும்தான். பல தளங்களில் சான்றிதழுக்குக் காசு; சிலவற்றில் பயிற்சிகளைத் திருத்தவும் காசு. எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் உலகின் மிகச் சிறந்த ஆசிரியர் ஒருவர் கொட்டாஞ்சேனை அறைக்குள் வந்து பேசுவதை நான் சிறிதாக நினைக்கமாட்டேன்.

எனவே நாலை விட்டுவிடுங்கள். மிஞ்சும் ஒன்றுக்கு ஒரு கூட்டாளியைத் தேடுங்கள். உங்களைப்போல் வெட்டுப்புள்ளியில் தவறிய வகுப்புத் தோழர் ஒருவராவது இருப்பார். விடுமுறை நாளில் பொது நூலகத்தில் ஒரு மேசையில் இருவரும் உட்காருங்கள். பட்டம்தான் வேண்டுமென்றால் நாவலயில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வெட்டுப்புள்ளிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கேட்பதில்லை, ஆனால் கட்டணம் உண்டு.

எந்த ஐந்து என்று நீங்கள் எழுதவில்லை. புள்ளிவிபரவியல் அவற்றில் ஒன்றென்றால் அந்தக் கொப்பிப் பக்கங்களின் பிரதியை அனுப்பிவைக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன்.