தண்ணீரில் விழுந்த போனுக்கு என்ன விலை?

கேள்வி: மகனின் கைப்பேசி செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் விழுந்துவிட்டது. பழுதுபார்க்க ஒரு கடையில் 80 வெள்ளி (ரிங்கிட்), அடுத்த கடையில் 350 வெள்ளி கேட்கிறார்கள். யார் ஏமாற்றுவது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம், அம்மா. 80 வெள்ளி பெரும்பாலும் திறந்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைக்கிற கூலி மட்டும். போன் பிழைக்காவிட்டாலும் அந்தக் காசு போனதுதான். 350 என்றால் ஸ்கிரீன், பேட்டரி அல்லது ஐசி (போர்டில் இருக்கும் சில்லு) மாற்றுவதையும் சேர்த்திருப்பார். திறந்து பார்க்காமலே சொன்னாரா? அப்போ அது வெறும் குத்துமதிப்பு. 'சரியாகவில்லை என்றால் எவ்வளவு?' என்று முதலில் கேளுங்கள். அப்புறம், வாய்க்கால் தண்ணீரில் சேறும் உரமும் கலந்திருக்கும், போர்டில் பச்சையாக அரிப்பு பூக்க நாளாகாது, அதனால் அரிசிப் பானையில் புதைக்காமல், சார்ஜும் போடாமல், அணைத்துவிட்டு இன்றே கொண்டுபோங்கள்.