87-ம் 91-ம் ஒன்றுதான்: மஸ்டாங்குக்கு எந்தப் பெட்ரோல்?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். அமெரிக்கக் கையேட்டை இணையத்தில் படித்தால் 87 ஆக்டேன் போதும் என்கிறது. நம் ஊர்ப் பெட்ரோல் 91-க்குக் கீழே கிடையாதே, அப்படியானால் சாதாரணப் பெட்ரோலே தேவைக்கு மேல்தானா? நண்பர்களோ 100 போடாவிட்டால் இன்ஜின் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தால் பெரிது. எப்போதாவது செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோக ஆசை. எதைப் போடட்டும் சார்?

பதில்: இன்ஜின் போகாது, கவலைப்படாதீர்கள். ஆனால் 87-ஐயும் 91-ஐயும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்த்தீர்களே, சறுக்கல் அங்கேதான். ஒன்று முழம், இன்னொன்று சாண்.

ஆக்டேனை ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜினில் பெட்ரோலை ஊற்றி ஓட்டித்தான் அளக்கிறார்கள். 600 ஆர்.பி.எம்.மில் ஓட்டி எடுக்கும் எண்ணுக்கு ரான் என்று பெயர். 900 ஆர்.பி.எம்.மில், உள்ளே போகும் கலவையையும் சூடாக்கி, இன்னும் கடுமையாகப் படுத்தி எடுக்கும் எண் மான். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் பங்க்கில் எழுதியிருப்பது ரான். அமெரிக்க பங்க்கில் மஞ்சள் ஸ்டிக்கரில் கறுப்பாகத் தெரியும் 87 இரண்டின் சராசரி. ஒரு பெட்ரோலின் ரான் 91, மான் 83 என்றால், கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 87. அவர்களுடைய 87-ம் நம்முடைய 91-ம் ஒரே சரக்கு.

உங்கள் விஷயத்தில் இந்தக் குழப்பத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. 'பிரீமியம் 91' கேட்கும் அமெரிக்கக் கையேட்டை நம்பி இங்கே 91 ரான் ஊற்றுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். அந்தக் காருக்கு நம் கணக்கில் 95, 96 வேண்டும். ஜெர்மன் கார்களில் டேங்க் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஆர்.ஓ.இசட். 98 என்றோ 95 என்றோ ஒட்டியிருக்கும். அது ரானுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த சுருக்கம், வேறு புது அளவு ஒன்றும் இல்லை.

சரி, அந்த எண் எதைச் சொல்கிறது? பலத்தை இல்லை, பொறுமையை. பிஸ்டன் கலவையை அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேரும்வரை பற்றாமல் காத்திருக்கும் பொறுமை. மூலையில் இருக்கும் கலவை அவசரப்பட்டுத் தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். டாப் கியரில் மேடு ஏறும்போது டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கேட்குமே, அது. பொறுமை கூடிய பெட்ரோலில் சக்தியும் கூடியிருக்கும் என்று நினைத்துத்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் இன்ஜினாக இருந்தால்தான் அதற்குப் பலன்.

உங்களுடையது 5 லிட்டர் வி8. டர்போ கிடையாது, அழுத்த விகிதம் 11-க்கு 1. அமெரிக்காவில் 435 குதிரைத்திறன் காட்டும் அந்த இன்ஜின், இந்தியாவுக்கு வந்தபோது 400-ஐ ஒட்டித்தான் டியூன் செய்யப்பட்டிருந்தது. பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் நாக்கிங்கை உணர்ந்ததும், கம்ப்யூட்டர் பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். நல்ல பெட்ரோல் என்று தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவரும். ஃபோர்டு கம்ப்யூட்டர் இந்தப் பாடத்தை நினைவிலும் வைத்திருக்கும். அதனால் 100 ஊற்றிவிட்டு பங்க் வாசலிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. அதே மஸ்டாங்கில் 2.3 லிட்டர் டர்போ இன்ஜின் ஒன்று உண்டு. ஃபோர்டு அதற்குச் சொன்ன 310 குதிரைத்திறன் அமெரிக்க 93-ஐ ஊற்றி அளந்தது. உங்கள் கார் அதுவாக இருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். டர்போ கார்க்காரர்கள் பிரீமியத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இனி, நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் காருக்கு ஆக்டேனைவிட அதுதான் முக்கியம்.

சாதாரணப் பெட்ரோல் என்று நாம் போடுவது இப்போது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் ரான் தனியாகவே 108-ஐத் தொடும் என்பதால் கலவையின் எண்ணும் ஏறிவிடுகிறது. இ20-யின் ரான் 95 என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லிவிட்டது. ஆக, சாதாரண குழாய்க்கும் 95 என்று எழுதிய பிரீமியம் குழாய்க்கும் நடுவில் ஆக்டேன் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்து நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அழுக்கு நீக்கும் ரசாயனத்தை. அது வீண் என்று சொல்ல மாட்டேன். 2017 ஜி.டி.யில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் அந்த ரசாயனம் வால்வையும் கழுவும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜின்களில் பெட்ரோல் வால்வு பக்கமே போகாது. அவற்றில் வால்வுக் கரி போகும் என்று பிரீமியம் ஊற்றுவதில் அர்த்தம் இல்லை.

எத்தனாலுக்கு வருவோம். இந்தக் காருக்கு ஃபோர்டு அமெரிக்காவில் அனுமதித்தது 15 சதவீதம் வரைதான். 20 அதைத் தாண்டுகிறது. அதனால் நாளைக்கே ஏதாவது வெடித்துவிடப் போவதில்லை. இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும், மைலேஜ் சற்று இறங்கும், அவ்வளவுதான். எனக்குக் கவலை ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், பம்ப் மேல். அதைவிடப் பெரிய கவலை, கார் நின்றுகொண்டே இருப்பது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். தினமும் ஆபீஸ் போகும் காரில் பெட்ரோல் தங்குவதே இல்லை. கவர் போட்டு மூடி, மாதக்கணக்கில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் கதை வேறு. போன வருஷம் எங்கள் ஷெட்டுக்கு ஒரு ஜெர்மன் கூப்பே டோ வண்டியில் வந்தது. கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு மழைக்காலம் முழுக்க அசையாமல் நின்ற கார். பம்ப்பைக் கழற்றினால் வடிகட்டி பழுப்பேறிக் கிடந்தது. பம்ப் மாற்றிய செலவில் அவர் இரண்டு வருஷம் 100 ஊற்றியிருக்கலாம்! மஸ்டாங்கில் இது நடந்தால் உதிரிபாகத்துக்குக் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டும்.

100 ஆக்டேன் பெட்ரோலுக்கு என் கணக்கில் வேலை வருவது இங்கேதான். இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ஐ 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோல் வேண்டுவோர் தேடிப் போவது இந்த வகையைத்தான். வாய் வார்த்தையை நம்ப வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிவிட்டுச் சில நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும். இ20 என்றால் அடித்தட்டு 28 மில்லிக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். எத்தனாலே இல்லை என்றால் 10-லேயே நிற்கும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு, செல்போன் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

விலைதான் கசக்கும். சாதாரணம் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி, 100 ஆக்டேன் நூற்று அறுபதை ஒட்டி. உங்கள் டேங்க் 60 லிட்டர், ஒரு தடவை நிரப்பினால் 3,500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நானாக இருந்தால் ஓடுகிற மாதங்களில் 95-ஐப் போடுவேன். கிடைக்காத ஊரில் சாதாரணத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவேன். மூன்று வாரத்துக்கு மேல் காரை எடுக்க மாட்டேன் என்று தெரிந்தால், பழையதை ஓட்டிக் குறைத்துவிட்டு எத்தனால் இல்லாத 100-ஐ நிரப்பி நிறுத்துவேன். டேங்க் நிறைந்திருந்தால் ஈரக் காற்றுக்கு இடமும் குறைவு.

டிராக்குக்கும் 100 நல்லது. செட்டிபாளையத்தில் ஏப்ரல் வெயிலில் பத்து சுற்று முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டினால் உள்ளிழுக்கும் காற்றே கொதிக்கும். நாக் சென்சார் அப்போதுதான் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதற்கு முந்தின டேங்க்கிலேயே 100-ஐ ஊற்றி நூறு கிலோமீட்டராவது ஓட்டி, கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டுப் போங்கள். ஊட்டிக்குப் போக 100 வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். மேலே காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், நாக்கிங்கும் குறையும். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் 85-ஐயே விற்கிறார்கள்.

அப்புறம், 100 எல்லா பங்க்கிலும் வேகமாக விற்காது. நிலத்தடி டேங்க்கில் வாரக்கணக்கில் கிடந்த சரக்கை நூற்று அறுபது ரூபாய்க்கு வாங்காதீர்கள். கடைசியாக எப்போது லோடு இறங்கியது என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டு மூடியைத் திறங்கள்.