ஸ்க்ரோல் ரம்பத்தை மட்டும் வைத்து அழகான மரப்பெட்டி செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: ஸ்க்ரோல் ரம்பம் வாங்கிச் சின்னச் சின்ன உருவங்களை அறுத்துப் பழகியாகிவிட்டது. அடுத்து ஒரு நகைப்பெட்டி செய்ய ஆசை. ஆனால் பலகைகளை அறுத்துச் சேர்த்தால் மூலைகள் பொருந்த மறுக்கின்றன. என்ன செய்யலாம்?

மூலையே வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த ரம்பம் வளைவுக்காகப் பிறந்தது. ஊசி போன்ற பிளேடு மேலும் கீழும் ஓடுகிறது, மரத்தை நாம் திருப்புகிறோம். நேர்கோட்டை அதனிடம் எதிர்பார்த்தால் அது நெளியத்தான் செய்யும். நான்கு பலகைகளை மூலைகளில் இணைக்கும் பெட்டி வட்ட ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் உரிய வேலை. உங்களிடம் இருக்கும் கருவிக்கு ஏற்ற பெட்டி வளையங்களை அடுக்கிச் செய்வது. இலை, முட்டை, கூழாங்கல் என்று எந்த வளைந்த வடிவமும் இதற்கு ஒத்துவரும்.

முறை எளிது. காகிதத்தில் வெளிக்கோடு ஒன்றும், அதற்கு 8 முதல் 10 மி.மீ. உள்ளே தள்ளி இன்னொரு கோடும் வரையுங்கள். அதே படத்தை 18 மி.மீ. கனமுள்ள இரண்டு பலகைகளிலும், 6 மி.மீ. கனமுள்ள ஒரு பலகையிலும் ஒட்டுங்கள். மூன்றிலும் மர இழை ஒரே திசையில் ஓட வேண்டும். இது அலங்காரத்துக்காகச் சொல்வதல்ல. ஈரப்பதம் மாறும்போது மரம் இழைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். திசை மாற்றி ஒட்டினால் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்து, ஒரு நாள் விரிசல் விடும். உள்வெட்டு இல்லாமல் வெளிக்கோட்டில் மட்டும் அறுக்கும் அடிப்பலகைக்கும் மூடிக்கும் இதே விதிதான்.

படத்துக்கு மேல் பார்சல் ஒட்டும் தெளிவான டேப்பை ஒட்டிவிடுங்கள். மேப்பிள், செர்ரி போன்ற மரங்களில் பிளேடு சூடேறி விளிம்பு கருகுவதை இது பெருமளவு குறைக்கும். அற்பமான விஷயம்தான், ஆனால் உப்புத்தாளோடு போராடும் நேரம் பாதியாகக் குறையும்.

அறுக்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, பிளேடின் இறுக்கம். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. சுண்டினால் தந்தியைப் போல ஒலிக்க வேண்டும், தொய்வான சத்தம் வந்தால் இன்னும் முறுக்குங்கள். இரண்டாவது, மரத்தை வைத்து அறுக்கும் ரம்ப மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பது. ஒரு கனமான துண்டுக் கட்டையில் சிறிதளவு மட்டும் அறுத்து, கட்டையை அரைச்சுற்றுத் திருப்பி, பிளேடின் பின்பக்கத்திலிருந்து அந்த வெட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். உரசாமல் நுழைந்தால் மேசை செங்குத்தாக இருக்கிறது. நுழையாவிட்டால் மேசையைத் திருத்துங்கள். கருவியில் பொறித்திருக்கும் கோண அளவுகோலை நான் நம்புவதே இல்லை.

18 மி.மீ. மரத்துக்கு 5ஆம் எண் பிளேடும், 6 மி.மீ. பலகைக்கு 2 அல்லது 3ஆம் எண்ணும் போதும். பிளேடு பெரும்பாலும் வலப்பக்கம் இழுக்கும். செய்முறையில் ஒரு விளிம்பில் தங்கிவிடும் பிசிறுதான் காரணம், உங்கள் கை அல்ல. மரத்தைச் சற்றே சாய்த்துத் தள்ளப் பழகிக்கொள்ளுங்கள். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

உள்வெட்டை முதலில் முடியுங்கள். சுற்றிலும் மரம் இருக்கும்போதுதான் பிடித்துத் திருப்ப வசதி. கோட்டுக்கு உட்புறத்தில், நீக்கப்போகும் பகுதியில் சிறு துளையிட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் விட்டு மீண்டும் பூட்டி அறுக்க வேண்டும். வெளிக்கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே தள்ளியே அறுங்கள். அடுக்குகளை ஒட்டிக் காய்ந்த பிறகு மொத்தமாக உப்புத்தாளில் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவரலாம்.

6 மி.மீ. பலகையின் நடுவிலிருந்து விழுந்த துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்தப் பெட்டியின் சூட்சுமம் முழுதும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பலகையின் வளையம் பெட்டியின் மேல் அடுக்காகும். விழுந்த துண்டு மூடிக்கு அடியில் ஒட்டும் உதடாகும். பிளேடு தின்ற மரம் அரை மி.மீ.கூட இராது, மூடி வழுக்கிக்கொண்டு இறங்க அந்த இடைவெளியே போதுமானது. அளந்து செதுக்கினாலும் இவ்வளவு கச்சிதம் வராது. மேல் அடுக்கின் உள்விளிம்பை மட்டும் அதிகம் தேய்க்காதீர்கள். உதட்டை ஒட்டும்போது, துண்டைப் பெட்டியின் வாயில் அதன் பழைய இடத்திலேயே விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் காகிதக் கீற்றுகளைச் செருகி நடுவில் நிறுத்துங்கள். அதன் முதுகில் நான்கைந்து சொட்டுப் பசை இட்டு மூடியை மேலே பொருத்தி அழுத்துங்கள். பசை தாராளமாகப் போனால் வழிந்து, திறக்கவே முடியாத பெட்டியாகிவிடும்.

மூடியில் அலங்காரம் வேண்டுமென்றால், துளைத்த பூவேலையைவிட வேறு நிற மரத்தைப் பதிப்பதையே நான் விரும்புவேன். துளைகளில் தூசி சேரும், துளைகளுக்கு இடையே நிற்கும் மெல்லிய மரப்பாலங்கள் உடையும். பதிப்பது பார்ப்பதற்குத்தான் பயமாக இருக்கும். வெளிர் மரமும் கருமரமும் தலா 6 மி.மீ. கனத்தில் எடுத்து, இருபுறமும் ஒட்டும் டேப்பால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேசையைச் சாய்த்து இரண்டையும் சேர்த்து அறுக்க வேண்டும். சாய்வாக அறுபடுவதால் மேல் பலகைத் துண்டு ஆப்பு போல மேலே அகன்றும் கீழே குறுகியும் வரும். அதைக் கீழ்ப்பலகையின் ஓட்டைக்குள் அழுத்தினால் பிளேடு தின்ற இடைவெளி காணாமல் போய்விடும். கணக்கும் சுலபம்: பிளேடின் தடம் 0.4 மி.மீ., பலகை 6 மி.மீ. என்றால் சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி. துண்டு தொளதொளவென்று இருந்தால் சாய்வைக் கூட்டுங்கள், பாதியில் சிக்கி மேலே துருத்தி நின்றால் குறையுங்கள். முழுச் சுற்றையும் ஒரே திசையில் அறுக்க வேண்டும், நடுவில் திசை மாறினால் ஆப்பு தலைகீழாகிவிடும். துணுக்குப் பலகையில் சிறிய வட்டம் ஒன்றை அறுத்துச் சரிபார்த்துவிட்டு மூடிக்கு வாருங்கள்.

மூக்குக்கு முகமூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். பிளேடு மெலிதுதான், அது கிளப்பும் தூள் அதைவிட நுண்ணியது.

பூச்சுக்கு வெளியே ஆளிவிதை எண்ணெய் நன்றாக இருக்கும், மர ரேகை எழுந்து நிற்கும். உள்ளே மட்டும் அதைத் தடவாதீர்கள். மூடிய பெட்டிக்குள் அந்த வாசனை மாதக்கணக்கில் அடங்காது. உட்புறத்துக்கு ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சு போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியாகும், கசங்கிய துணிக்குள் அது தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.