பெஞ்சில் உட்காருவதும் வேலைதான் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

சென்ற கட்டுரையில் கால்பந்து கோல்கீப்பர் ஸ்காட் கார்சனை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஆறு சீசன் மான்செஸ்டர் சிட்டி கிளப்பில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருந்து இரண்டே ஆட்டம் ஆடியவர், அவருக்கும் ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் பதக்கம். இது உட்கார்ந்து தின்பது இல்லையா? அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் போன்றவர்கள் வாய்ப்புக்காகக் காத்திருந்து உலகக் கோப்பையே வாங்கினார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார், கோல்கீப்பர் தொழில் அவ்வளவுதானே?

கே.

அன்புள்ள கே,

மார்ட்டினெஸை முதலில் முடித்துவிடுகிறேன், அவர் கதையை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். 2010-ல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்த பையனை ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ராதர்ஹாம், வுல்வ்ஸ், கெட்டாஃபே, ரீடிங் என்று ஆறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, அனுப்பினார்கள். 2020 ஜூனில் முதல் கீப்பர் பெர்ண்ட் லெனோவுக்கு முழங்காலில் அடிபட்ட பிறகுதான் இடம் காலியானது, ஆகஸ்டில் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையை ஜெயித்தார். இதுவரை உங்கள் பழமொழி சரி. அப்புறம்? அடுத்த சீசனிலும் நான்தான் முதல் கீப்பரா என்பதற்கு உறுதியான பதில் வரவில்லை என்றதும், செப்டம்பரிலேயே ஆஸ்டன் வில்லாவுக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பாமல் பெஞ்சிலேயே இருந்திருந்தால் அர்ஜென்டினா அணியில் அந்த இடம் கிடைத்திருக்குமா, 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பிரான்சின் கோலோ முவானி அடித்ததை இடது காலை நீட்டித் தடுக்க அவர் அங்கே நின்றிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

மற்ற ஆட்டக்காரர்களுக்குச் சில்லறை வாய்ப்புகள் உண்டு. கடைசி இருபது நிமிடம் இறங்கலாம், இடது பக்கம் இடமில்லை என்றால் வலது பக்கம் ஆடலாம். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். அதில் நிற்பவருக்கு அடிபட வேண்டும், சிவப்பு அட்டை வேண்டும், இல்லையென்றால் அவர் சொதப்ப வேண்டும். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து பயிற்சியாளர் வான் கால் பெனால்டிக்காக மட்டும் முதல் கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் க்ரூலை இறக்கினார், அவர் இரண்டைத் தடுத்தார். அதை இன்றும் அதிசயமாகப் பேசுகிறோம் என்பதே அது எவ்வளவு அபூர்வம் என்பதற்குச் சான்று. நிற்பவர் நன்றாக ஆடினால் மற்றவர் இலவு காத்த கிளிதான்.

இதில் இன்னொரு கொடுமை. ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் வார்ம்-அப்பைக் கவனித்துப் பாருங்கள். முதல் கீப்பரின் நெஞ்சுக்கும் கைக்கும் வாகாகப் பந்து போட்டுக் கொடுப்பவர்களில் ஒருவர் அந்த இரண்டாவது கீப்பர். எந்த இடத்துக்கு ஆசைப்படுகிறாரோ அதே இடத்தில் நிற்பவரின் கை பழகி, மனம் தெம்பாக இருக்க இவர் உழைக்கிறார். மூன்றாவது ஆளின் வேலை பெரும்பாலும் பயிற்சி மைதானத்தில். முதல் கீப்பரின் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரை உள்ளே அனுப்பிவிட்ட பிறகு, “இன்னும் கொஞ்சம் அடிக்கணும்” என்று நிற்கும் ஸ்ட்ரைக்கர்களுக்கு முன்னால் விழுந்து எழுவது யார் என்று நினைக்கிறீர்கள்? இதையா உட்கார்ந்து தின்பது என்கிறீர்கள்!

கார்சனுக்கே வருகிறேன். பத்தொன்பது வயதில் லிவர்பூலுக்காக யுவென்டஸுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் நின்றவர் அவர். 2007 நவம்பரில் வெம்பிளியில், மழையில், இங்கிலாந்துக்கு டிரா ஆனாலே போதும் என்ற ஆட்டத்தில், பால் ராபின்சனை உட்காரவைத்துவிட்டு இந்த 22 வயதுப் பையனை இறக்கினார்கள். எட்டாவது நிமிடம் குரோஷியாவின் க்ராஞ்சார் தூரத்திலிருந்து அடித்தார். ஈரத் தரையில் முன்னால் குத்தி எழும்பிய பந்து, கையில் பட்டும் நிற்காமல் உள்ளே போனது. குரோஷியா 3-2, இங்கிலாந்து ஐரோப்பியக் கோப்பையான யூரோ 2008-க்குப் போகவில்லை. ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணடித்துவிட்டு பதினோராவதில் கோல் போட்டால் நாயகன், கீப்பருக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதன் பிறகும் பல கிளப்புகளில் வருடக்கணக்காக ஆடிய பின்புதான் 2019-ல் சிட்டிக்கு வந்தார். உள்நாட்டில் வளர்ந்த வீரர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் அவர் உதவினார் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2021 மே மாதம் நியூகாசிலுக்கு எதிராக, பத்து வருடம் கழித்து பிரீமியர் லீகில் இறங்கியவர், ஒரு பெனால்டியைத் தடுத்தார் (திரும்பி வந்த பந்தை, பெனால்டி அடித்த வில்லாக்கே உள்ளே தள்ளிவிட்டார், அது வேறு). சும்மா உட்கார்ந்திருந்தவரின் கை அப்படி வேலை செய்யாது.

2005-ல் லிவர்பூல் ஜெயித்தபோதும் அவர் பெஞ்சில், 2023-ல் சிட்டி ஜெயித்தபோதும் பெஞ்சில், இரண்டும் இஸ்தான்புல்லில் அதே மைதானம். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இருபது வயதில் பெரிய கிளப்பில் மூன்றாவது கீப்பராக உட்கார்ந்துவிடுவது வீண். பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் பந்து (கிராஸ்) வரும்போது வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்பதை ஆட்டத்தில் தப்பு செய்துதான் கற்க முடியும், அதற்குக் கீழ் டிவிஷன்தான் பள்ளிக்கூடம். முப்பத்தைந்தில் அதே பெஞ்ச் கௌரவமான வேலை. ஆனால் அந்த வயதிலும் அது எல்லோருக்கும் ஒத்துவராது: யுவென்டஸில் கடைசி இரண்டு சீசனும் முதல் கீப்பர் ஷெஸ்னிக்கு மாற்றாக இருந்த இத்தாலிய கீப்பர் புஃபோன், 2021-ல் 43 வயதில் இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் இருந்த பார்மாவுக்குப் போனார், ஆடவேண்டும் என்பதற்காக.